நடந்தது நடந்தபடி

"சார், மகன் வேலை செய்யிற பேக்டரியிலே ரிப்போர்ட் எழுதிக் கொண்டாரச் சொல்லிட்டாங்க. இங்கிலீஷிலே வேணுமாம். நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா புண்ணியமாப் போகும்."

இப்படிக் கேட்டு வருகிற பெற்றோர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். எழுதிக் கொடுப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: சம்பவம் நடந்த இடத்தில் நான் இருந்தேனா? இல்லையே! இருந்தவன் உங்கள் மகன். ரிப்போர்ட்டுக்கு வேண்டியது அவன் கண்டது. என் ஆங்கிலம் அல்ல.

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் எழுத்து வேலையெல்லாம் ஆபீஸ் கிராணியாரோடு முடிந்தது. பால் வெட்டும்போது கத்தி பட்டாலும், லயன் வீட்டுக் கூரை பறந்தாலும், ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று வாயால் சொல்வோம். அவர் உள்ளே உட்கார்ந்து என்ன எழுதினார் என்பது அவருக்கும் துரைக்கும்தான் தெரியும். இன்று பேராவில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் சிலிபின், மெங்லெம்பு, தாசெக், ஜெலாப்பாங் என்று தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அங்கே கிராணியார் இல்லை. அவனவன் கதையை அவனவனே எழுத வேண்டும்.

அரசாங்க அலுவலகங்களுக்கு மலாய் மொழியில் எழுதுங்கள். அதுதான் முறை, அதுதான் வேகமும் கூட. ஆனால் வெளிநாட்டு முதலீட்டுத் தொழிற்சாலை, பெரிய தோட்டக் கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனி ஆகிய இடங்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் கேட்கிறார்கள். ஆங்கிலம் என்றதும் நம் பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பெரிய பெரிய வார்த்தைகளைத் தேடி ஓடுகிறார்கள். அங்கேதான் கோளாறு ஆரம்பமாகிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்துப் பையன். தாசெக்கில் வேலை. காலை ஷிப்டுக்கு மோட்டார்சைக்கிளில் போகும்போது கந்தான் அருகே விழுந்துவிடுகிறான். கால் முறிவு. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ரிப்போர்ட் எழுதுகிறான். எப்படி? தான் நான்கு வருடமாக ஒழுங்காக வேலை செய்பவன் என்று ஒரு பத்தி. அன்று மழை பெய்ததும் மனம் சஞ்சலப்பட்டதும் ஒரு பத்தி. கடவுள் கிருபையால் உயிர் தப்பியது ஒரு பத்தி. கடைசியில் கம்பெனி தயவு காட்ட வேண்டும் என்று ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் பெரிய பிழை கூட இல்லை. ஆனால் எந்தத் தேதி, எத்தனை மணி, எங்கிருந்து எங்கே போகும் வழி என்பது ஒரு வரியிலும் இல்லை!

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பெர்கெசோ, நம் ஆட்கள் இன்னும் சொக்சோ என்றே சொல்வது, 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடப்பது. வேலை இடத்தில் அடிபட்டால் மட்டும் அல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் அடிபட்டாலும் அதில் இடம் உண்டு. ஆனால் 'வழியில்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அதிகாரிகள் சல்லடை போட்டுச் சலிப்பார்கள். நேர் வழியிலா, சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பிய வழியிலா? ஷிப்ட் எத்தனை மணிக்கு? விழுந்தது எத்தனை மணிக்கு? அதனால்தான் பஞ்ச் கார்டு, போலீஸ் ரிப்போர்ட், வழியைக் காட்டும் படம் எல்லாம் கேட்கிறார்கள். விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கெசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அவசரத்தில் கம்பெனிக்காரர் பாரத்தை நிரப்புவது, பெரும்பாலும் நம் பையன் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான். தாளில் மணி இல்லையென்றால் பாரத்தில் யாரோ ஒரு மணியைப் போடுவார்கள். போலீஸ் ரிப்போர்ட்டில் வேறு மணி இருக்கும். பிறகு ஒரு வருடம் ஈப்போவுக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியதுதான்.

(சாலை விபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். பையன் படுக்கையில் இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் உடனே நிலையத்துக்குப் போய் விவரம் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.)

சரி, எப்படி எழுதுவது?

முதலில் தமிழில் சொல்லுங்கள். ஆமாம், தமிழில்தான். அம்மாவிடம் சொல்வதுபோல் நடந்ததைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் மணியையும் இடத்தையும் ஆளையும் மட்டும் குறித்துக்கொள்ளட்டும். "காலையிலே கிளம்பினேன்" என்றால் எத்தனை மணிக்கு? "ரோட்டிலே எண்ணெய் கெடந்துச்சு" என்றால் எந்த ரோடு, எந்தக் கடைக்கு எதிரே? "ஒருத்தர் தூக்கி விட்டாரு" என்றால் அவர் யார், போன் நம்பர் உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சேர்ந்துவிட்டால் ரிப்போர்ட்டில் முக்கால் பங்கு முடிந்தது. மிச்சம் கால் பங்குதான் ஆங்கிலம்.

இப்போது முதல் வாக்கியம். படிக்கிற மேனேஜருக்கு அன்று இன்னும் முப்பது தாள் இருக்கும். உங்கள் தாளில் அவர் முதல் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு எழுந்து போனாலும் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேதி, மணி, இடம், யாருக்கு என்ன ஆனது, எங்கே போகும் வழியில். இத்தனையும் ஒரே வாக்கியத்தில் அடங்கும். "அட் 6.25 எ.எம். ஆன் 12 மார்ச், ஐ ஃபெல் ஃப்ரம் மை மோட்டார்சைக்கிள் அட் கந்தான் ஆன் மை வே ஃப்ரம் ஹோம் டு வொர்க்." இதில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியாத வார்த்தை ஒன்றாவது உண்டா? இதற்குப் பிறகு நடந்ததை நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போகலாம். கிளம்பியது, விழுந்தது, தூக்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தது. சினிமாவில் மாதிரி பின்கதையை நடுவில் கொண்டுவர வேண்டாம். எல்லாம் இறந்த காலம். முடிந்துபோன காரியத்துக்கு "ஐ ஃபால்", "ஐ ஆல்ரெடி டெல் ஹிம்" என்று எழுதுவது பசாரில் பேச உதவும், தாளில் உதவாது.

நம் பிள்ளைகள் சறுக்குகிற இடங்கள் வேறு சில உண்டு. தமிழ் தெரிந்தவர்களுக்கே உரிய சறுக்கல்கள் அவை. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தமிழில் ஆளைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். "மெஷினை நிறுத்தச் சொன்னாங்க", "பட்டனை அமுத்தியாச்சு", "வயரு அறுந்து போச்சு". கேட்பவருக்கும் புரியும். அதையே அப்படியே ஆங்கிலத்தில் கொண்டு போனால், சொன்னது யார், அமுக்கியது யார் என்ற கேள்வி அந்தரத்தில் தொங்கும். அந்தரத்தில் தொங்குகிற பழி எப்போதும் கீழே நிற்பவன் தலையில்தான் விழும். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆள் வேண்டும். "தே டோல்ட் மீ" என்று எழுதாதே தம்பி, "8.10 மணிக்கு சூப்பர்வைசர் இன்னார் என்னிடம் சொன்னார்" என்று பெயர் போட்டு எழுது.

அடுத்தது உடம்பு. தோளிலிருந்து விரல் வரை நமக்கு எல்லாம் கை. தொடையிலிருந்து பாதம் வரை எல்லாம் கால். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே 'ஹேண்ட்', மேலே 'ஆர்ம்'. கணுக்காலுக்குக் கீழே 'ஃபுட்', மேலே 'லெக்'. டாக்டர் சான்றிதழில் இடது முழங்கைக்குக் கீழே முறிவு என்று இருக்க, பையன் தன் ரிப்போர்ட்டில் 'ஹேண்ட்' என்று எழுதியிருந்தால், இரண்டும் ஒரே காயமா என்று ஒருவர் கேட்கத்தான் செய்வார். கேட்பவர் மேல் தப்பில்லை. இடதா வலதா, எந்த விரல், எந்த முட்டி என்று எழுதுங்கள். சந்தேகம் என்றால் டாக்டர் தாளைப் பார்த்து அந்த வார்த்தையையே போடுங்கள். கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். 'கால்' என்று நீங்கள் தட்டினால் நீங்கள் நினைத்தது எந்தக் கால் என்று போனுக்கு எப்படித் தெரியும்?

இரவு ஷிப்டுக்காரர்களுக்குத் தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. திங்கட்கிழமை இரவு வேலைக்குப் போய், பன்னிரண்டரை மணிக்கு அடிபட்டால் வீட்டில் "திங்கக்கெழமை ராத்திரி" என்றுதான் சொல்வோம். கணக்குப்படி அது செவ்வாய். பஞ்ச் கார்டு ஒரு தேதியும் ரிப்போர்ட் ஒரு தேதியும் சொன்னால் வீண் வம்பு. மாதத்தையும் எண்ணால் போடாமல் எழுத்தால் எழுதுங்கள். 3/4 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கக் கம்பெனிக்காரனுக்கு மார்ச் 4.

உறவு முறையையும் சொல்ல வேண்டும். "மை அங்கிள் சா" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தான். மாமாவா, சித்தப்பாவா, பக்கத்து வீட்டுக்காரரா? நம் ஊரில் வயதில் பெரியவர் எல்லாரும் அங்கிள்தான்! சாட்சிக்கு உறவு வேண்டாம், முழுப் பெயரும் அவரைத் தேடிப் பிடிக்க ஒரு வழியும் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மிகவும் முக்கியமான ஒன்று. கண்டது, கேட்டது, நினைத்தது மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கக் கூடாது. "பிரேக் பிடிக்கவில்லை" என்பது கண்டது. "போன வாரமே பிரேக் சரியில்லை என்று டிரைவர் சொன்னார்" என்பது கேட்டது. "செலவுக்குப் பயந்து கம்பெனி லாரியைப் பழுது பார்க்கவில்லை" என்பது நினைத்தது. நினைத்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நீங்கள் நிரூபிக்க முடியாதபோது, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்ற பத்து வரியையும் தள்ளிவிடுவார்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் கடைசியில் தனிப் பத்தியாக, 'என் கருத்து' என்று சொல்லி எழுதுங்கள். தனக்குப் பாதகமான விஷயத்தை மறைப்பதும் கூடாது. வழியில் நாசி லெமாக் வாங்க நின்றிருந்தால் நின்றேன் என்றே எழுத வேண்டும். கடைக்காரருக்கும் கண் உண்டு, பக்கத்துக் கடையில் கேமராவும் உண்டு.

ஒரு தாள் ஆங்கிலம் நமக்கு என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1936-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அரசாங்கம் ஒருவரை மலாயாவுக்கு அனுப்பியது. தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதச் சொன்னது. வந்தவர் மகாகனம் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் 1869-ல் பிறந்தவர். ஆரம்பத்தில் பள்ளிக்கூட வாத்தியார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். (வாத்தியார் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.) ஆங்கிலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று வெள்ளைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். காந்தியடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, அந்த ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவரும் இவரே.

1937-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. வார்த்தை ஜாலம் காட்ட அவருக்குத் தெரியாதா? சம்பளத்தைப் பற்றி அவர் சொன்னதில் நிற்பது ஓர் எண். உலகப் பொருளாதார மந்தத்தில் குறைத்துவிட்ட சம்பளத்தைப் பழையபடி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று ஆக்க வேண்டும். அவ்வளவுதான். 'நியாயமான சம்பளம்' என்று மட்டும் எழுதியிருந்தால், இப்போது கொடுப்பதே நியாயம்தான் என்று தோட்ட முதலாளிகள் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். 50 காசு என்று எழுதினால் உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்தான். அறிக்கை மிகவும் மென்மையானது என்று அப்போதே குறை சொன்ன இந்தியத் தலைவர்கள் இருந்தார்கள். சில வாரங்கள் சுற்றிப் பார்த்தவருக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இருந்தாலும் 1938-ல் ரப்பர் விலை விழுந்து தோட்ட முதலாளிகள் மறுபடி சம்பளத்தில் கை வைத்தபோது, எவ்வளவு குறைந்தது என்று எல்லாரும் அளந்தது அந்த 50, 40 என்ற கோலால்தான். அந்த ஆண்டு ஜூனில் இந்தியா தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. பெண்ணுக்கு ஏன் பத்துக் காசு குறைச்சல் என்று என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. அதையும் யாராவது ரிப்போர்ட்டாக எழுத வேண்டியதுதான்.

எண்ணின் மகிமை இன்றைக்கும் அதுவே. இன்னும் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்கள் தண்ணீர்ப் பிரச்சினையை நிர்வாகத்துக்கு எழுதும்போது "பல நாட்களாகத் தண்ணீர் சரியாக வருவதில்லை, மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்று எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் அதற்குப் பதில், "கவனிக்கிறோம்". பதினான்கு நாள், ஒரு வீட்டுப் பிள்ளையைக் கொண்டு ஒரு பள்ளி நோட்டில் எழுத வையுங்கள்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை குழாயில் தண்ணீர் வந்தது, எத்தனை வீட்டுக்கு வரவில்லை. பிறகு ரிப்போர்ட்டின் முதல் வாக்கியம், "14 நாளில் 9 நாள் 22 வீடுகளுக்குக் காலையில் தண்ணீர் இல்லை" என்று நிற்கும். தொழிலாளர் குடியிருப்பு வசதிக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழிலாளர் இலாகாவுக்கு மலாயில் ஒரு பிரதி போனால், அங்கே உள்ளவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைக்கும்.

இன்னொன்று, ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரு விஷயம். தண்ணீரோடு சாக்கடையையும், தெரு நாயையும், கோயில் பாதையையும் சேர்த்து எழுதினால், நாலில் சுலபமானதை மட்டும் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு போவார்கள், தண்ணீர் வராது.

எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளுக்கும் இரண்டு வார்த்தை. 2021-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் ஆங்கில எழுத்துத் தாளில் மூன்று பாகம். மூன்றாம் பாகத்தில் கொடுக்கும் மூன்று கேள்வியில் ஒன்றை எடுத்து 200 முதல் 250 சொல்லில் எழுத வேண்டும். அதில் ரிப்போர்ட்டும் வரலாம். மொத்தம் 20 மதிப்பெண். அது நான்காகப் பிரிகிறது: விஷயத்துக்கு 5, வாசகருக்கு ஏற்றபடி சொல்வதற்கு 5, ஒழுங்குக்கு 5, மொழிக்கு 5. பார்த்தீர்களா, நம் பிள்ளைகள் பயந்து சாகிற மொழிக்கு 5 தான்! கேள்வியில் கேட்ட குறிப்புகளை ஒன்று விடாமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வைத்து, யாருக்கு எழுதுகிறோம் என்பதை மறக்காமல் இருந்தால், இலக்கணம் அங்கங்கே இடறினாலும் கரை சேரலாம். டியூஷனில் மனப்பாடம் செய்த அலங்கார முன்னுரையை எல்லாத் தலைப்புக்கும் ஒட்ட வைக்கிறார்களே, அதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். திருத்துகிற ஆசிரியர் அதை அன்று காலையிலேயே நாற்பது தடவை படித்திருப்பார்.

எழுதி முடித்ததும், சம்பவம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரிந்த அண்டை வீட்டுப் பிள்ளை போதும். படித்துவிட்டு அவள் உங்களிடம் ஏதாவது கேள்வி கேட்டால், அதற்கான பதில் தாளில் இல்லை என்று அர்த்தம், அதைச் சேருங்கள். என்னிடம் வருகிறவர்களும் இப்படி எழுதிய தாளோடு வாருங்கள், பிழை திருத்தித் தருகிறேன். பிறகு பெயர், கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதாக ஆபீஸ் முத்திரையும் வாங்கியவர் கையெழுத்தும் கேளுங்கள். முத்திரை போட மாட்டோம் என்றால், வாங்கியவர் பெயரையும் மணியையும் அங்கேயே நின்று நீங்களே பிரதியில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் கைத்தொலைபேசியில் ஒரு படம் பிடித்து வையுங்கள். பிறப்புப் பத்திரத்தோடு அந்தப் பிரதியும் பெட்டியில் இருக்கட்டும்.